வேலிக்கு ரோஜா, ரோஜாவுக்குத் துணைக்கொடி

வேலியோரம் படரும் ரோஜா வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. நாமக்கல் பக்கம் எருமப்பட்டியிலோ சேந்தமங்கலத்திலோ வீடு கட்டி, கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டிருப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த ரோஜா சித்திரை வெயிலைத் தாங்குமா? இதன் மேல் ஏறப்போகும் துணைக்கொடியை வருடம் ஒருமுறை தரைமட்டம் வரை வெட்டி எடுக்க முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அந்த ஜோடி பத்து வருடமானாலும் வேலியில் நிற்கும். வராவிட்டால் மூன்றாம் வருடம் வேலி முழுக்க ஒரே கொடிதான் இருக்கும். அது ரோஜாவாக இருக்காது.

தோட்டக்கலைப் படப் புத்தகங்களில் ரோஜாவுக்குத் துணையாக எப்போதும் கிளெமாட்டிஸ்தான் வருகிறது. இங்கிலாந்தில் ஜாக்மன் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் 1862-இல் முதன்முதலாகப் பூத்த 'ஜாக்மனி' என்ற கருநீல ஊதா ரகம்தான் அந்தக் கூட்டணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கண்ணுக்கு அழகாக இருப்பதோடு அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ரோஜா இதழில் நீலத்துக்குரிய டெல்ஃபினிடின் என்ற நிறமி இயற்கையாக உருவாவதில்லை. அதனால் ரோஜா எத்தனை ஆயிரம் ரகமானாலும் அசல் நீலம் அதில் வராது. அந்தக் குறையைக் கிளெமாட்டிஸ் நிரப்புகிறது. அதன் தண்டு மெல்லியது. இலைக்காம்பாலேயே ரோஜாக் கிளையைப் பற்றி ஏறும், கிளையை நெரிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாக்மனி வகையைக் குளிர்காலம் முடியும்போது ஓர் அடி உயரம் விட்டு முழுவதும் வெட்டிவிடலாம். அந்த வருடம் விடும் புதுத் தளிரிலேயே பூத்துவிடும். ஆக, ரோஜாவைக் கவாத்து செய்யும் நேரத்தில் அதன் மேல் வேறு கொடி எதுவும் இருக்காது. வெட்டுகிறவர் கைக்கும் கண்ணுக்கும் ரோஜாவின் ஒவ்வொரு கிளையும் தெளிவாகக் கிடைக்கும்.

எருமப்பட்டிக்கு அந்தக் கிளெமாட்டிஸ் ஆகாது. பெரிய பூ விடும் ஒட்டு ரகங்களுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் இந்தச் சமவெளியில் மார்கழி இரவுகூட அவற்றுக்குக் குளிர் ஆகாது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஆன்லைனில் கிழங்கோ வேரோ வரவழைக்காதீர்கள். முதல் கோடையைத் தாண்டுவது அரிது. நம் மலைகளிலும் கிளெமாட்டிஸ் உண்டு. கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளின் புதர்களில் தானாகப் படரும் கிளெமாட்டிஸ் கூரியானா கொத்துக் கொத்தாகச் சிறிய வெளிர்மஞ்சள் பூ விட்டு, பிறகு வெண்பஞ்சு போன்ற விதைக்கொத்தைத் தாங்கி நிற்கும். ஏற்காட்டிலோ கொல்லிமலை மேலோ தோட்டம் வைத்திருப்பவர்கள் அதை வேலியில் ஏற்றிப் பார்க்கலாம். அடிவாரத்தில் இருக்கும் நாம் கிளெமாட்டிஸின் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் குணம் உள்ள நம்மூர்க் கொடிகளைத் தேடுவோம். அப்படி இரண்டு இருக்கின்றன.

துணைக்கொடி: சங்குப்பூவும் காந்தளும்

முதலாவது சங்குப்பூ. நீலம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல நீலம் எந்த நர்சரியிலும் விலைக்குக் கிடைக்காது. நூல் போன்ற தண்டு, எடை கிடையாது. ரோஜாக் கிளையை வளைத்துச் சுற்றினாலும் அதன் பட்டையில் தழும்பு விழாது. அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்து ரோஜாவின் உரத்துக்குப் போட்டி போடாது. தரையோடு வெட்டினாலும் ஈரம் இருந்தால் மறுபடி துளிர்க்கும், துளிர்த்த கொடியிலேயே பூக்கும். கிளெமாட்டிஸிடம் மேலைத் தோட்டக்காரர் எதிர்பார்ப்பது இதைத்தான்.

விதைத்தோல் கடினமானது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறாமல் கல்லாகவே கிடக்கும் விதையின் ஓர் ஓரத்தை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊன்றினால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். ஆனி, ஆடியில் ஊன்றியது ஆவணிக்குப் பிறகு பூக்கத் தொடங்கிவிடும். ஒற்றை இதழ், அடுக்கு இதழ் என இரண்டு வகையும் உண்டு. வேலிக்கு என் ஓட்டு ஒற்றைக்கே. அடுக்கு வகை பக்கத்தில் நின்று பார்க்க அழகு. தூரத்திலிருந்து பார்க்கையில் ஒற்றைப் பூதான் தனித்தனி நீலப் பொட்டாகத் தெரியும். வெள்ளைச் சங்குப்பூவை வெள்ளை ரோஜாவோடு சேர்த்தால் இரண்டும் எடுபடாது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். காய்களை முற்றி வெடிக்க விடாதீர்கள். விட்டால் அடுத்த மழைக்கு வேலியடி முழுக்க நாற்று முளைத்து, ரோஜாவுக்கு ஒன்று என்று நீங்கள் போட்ட கணக்கு ஐம்பதாகிவிடும்.

இரண்டாவது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். இது இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி ஏறும். ஆனி, ஆடியில் கிழங்கு நட்டால் புரட்டாசி, ஐப்பசி மழையில் பூக்கும். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாக மாறும் தீக்கொழுந்து நிறம். தை பிறப்பதற்குள் கொடி தானாகக் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். கவாத்துக் கத்தரியே தேவையில்லை. காய்ந்ததை உருவி எடுத்தால் போதும். கிழங்கு 'வி' வடிவில் இருக்கும், முளை அதன் நுனிகளில்தான் இருக்கிறது. கை தவறி நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. முழக் கணக்கில் ஆழமாகப் புதைக்காமல் நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும்.

காந்தள் விஷயத்தில் அழகைவிட முக்கியமான செய்தி ஒன்று: கிழங்கு முதல் விதை வரை எல்லாமே விஷம். அதிலுள்ள கால்சிசின் உயிரைப் பறிக்கக்கூடியது. கிழங்கைப் பார்த்தால் ஏதோ உண்ணும் கிழங்கு போலவே இருக்கும். சிறு குழந்தைகள் விளையாடும் வீட்டிலும், ஆடு மாடு வேலியோரம் மேயும் தோட்டத்திலும் காந்தள் வேண்டாம். அங்கே சங்குப்பூவோடு நின்றுவிடுங்கள். கிழங்கைக் கையுறை போட்டு நட்டு, நட்ட இடத்தில் அடையாளக் குச்சி ஊன்றி வைப்பது பின்னால் கொத்துகிறவருக்கும் நல்லது.

முல்லை ஏற்றினால் என்ன என்று கேட்காத வீடு இந்தப் பகுதியில் இருக்காது. ஆசை நியாயமானது. ஆனால் முல்லை ஆண்டுக்கணக்கில் கட்டையாகி நிற்கும் கொடி. அதன் கவாத்து தை மாதத்தில், ரோஜாவின் கவாத்து மார்கழியில். ஒன்றை வெட்டும்போது மற்றது குறுக்கே நிற்கும். மொட்டு பறிக்கத் தினமும் கைவிட வேண்டியிருக்கும். ரோஜா முள்ளுக்குள் விடியற்காலையில் முல்லை பறித்துப் பார்த்தவர்கள் அடுத்த வருடம் ஏதாவது ஒன்றைப் பிடுங்கித்தான் ஆவார்கள். முல்லைக்கு வேலியில் தனியாகப் பத்தடி ஒதுக்குங்கள்.

ரங்கூன் மல்லி, தும்பெர்ஜியா, காகிதப்பூ ஆகியவை ரோஜாவோடு ஒரே கம்பியில் ஏறவே கூடாது. ஒரே மழைக்காலத்தில் ரோஜாவை மூடிவிடும் வேகம் அவற்றுக்கு. வேலிப்பருத்தியும் கோவையும் நீங்கள் நடாமலேயே வரும், முளையிலேயே பிடுங்குங்கள்.

எந்த ரோஜா?

உலகத்தில் படரும் ரோஜாக்கள் ஏராளம். நம் சமவெளிக்கு ஆகிறவை சில. பிரிக்கும் கோடு எளிது. ஐரோப்பியக் குளிரில் பிறந்து, வருடம் ஒருமுறை மட்டும் பூக்கும் ரகங்கள் இங்கே வீண். குளிர் கிடைக்காமல் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். சீன, தேயிலை ரோஜாக்களின் ரத்தம் கலந்தவை பசுமை மாறாதவை, விட்டுவிட்டு வருடம் முழுக்கப் பூப்பவை, அவைதான் நமக்கு. தேயிலை ரோஜாக்களின் மூதாதையரில் ஒன்று நம் மணிப்பூர் மலைகளிலும் மியான்மரிலும் மரமேறி வளரும் ரோசா ஜைஜான்டியா என்ற காட்டு ரோஜா. வெப்பம் தாங்கும் குணத்தின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் இடம் 'கிரெபுஸ்கியூல்' என்ற ரகத்துக்குத் தருவேன். 1904-இல் பிரான்ஸில் உருவானது. பாதாமிப்பழ நிறம், முள் குறைவு, வளைத்தால் வளையும் கிளை. நீலச் சங்குப்பூவோடு இது நிற்கும்போது வேறு எந்த ஜோடியும் நினைவுக்கு வராது. காந்தளின் தீநிறத்தோடும் ஒத்துப்போகும். முள் குறைவு என்பதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். வேலி ரோஜாவை வருடந்தோறும் அவிழ்த்துக் கட்டியாக வேண்டும், அது முழுக்கக் கைவேலை.

'மரேஷால் நீல்' 1864-இல் வந்த மஞ்சள் ரோஜா. மணம் அபாரம். பூக்காம்பு மெலிந்தது என்பதால் பூ தலைகுனிந்து தொங்கும். ஆகவே ஐந்தடி வேலிக்கு வேண்டாம், ஆளுயரத்துக்கு மேல் எழும் வளைவுக்கோ வாசல் பந்தலுக்கோ வையுங்கள். கீழே நின்று நிமிர்ந்து பார்க்கையில் பூவின் முகம் தெரியும். மழையில் மொட்டு அழுகும் குறை அதற்கு உண்டு.

வெள்ளை வேண்டுமானால் 'ஐஸ்பெர்க்' ரோஜாவின் கொடி வடிவம். 1968-இல் வெளிவந்தது, இந்திய நர்சரிகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடியது. வெள்ளையும் நீலமும் சேர்ந்தால் நிலா வெளிச்சத்திலும் வேலி தெரியும். இன்னொரு வெள்ளை 'டெல்லி ஒயிட் பேர்ல்'; உருவாக்கியவர் டாக்டர் பி.பி. பால். கோதுமை விஞ்ஞானி, 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனவர். 1966-இல் இந்திய ரோஜாக்கள் பற்றித் தனிநூலே எழுதினார். நம் வெயிலில் தேறிய ரோஜாவை நம்மவர்களே உருவாக்க வேண்டும் என்று உழைத்தவரின் செடி, கிடைத்தால் விடாதீர்கள்.

இளஞ்சிவப்பில் 'கிளைம்பிங் செசில் ப்ரூனர்'. விரல்நுனி அளவு மொட்டு, கொத்துக் கொத்தாகப் பூ, மிக உறுதியான செடி. ஆனால் இருபதடி ஓடும். பத்தடி வேலிக்கு இதை வாங்கி, பிறகு வெட்டி வெட்டி அடக்க முயல்வது செடிக்கும் நமக்கும் தொல்லை. நீளமான வேலி இருந்தால் மட்டும் இது.

கொடைக்கானலில் விரு வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலையை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த விரு, 1980-இல் விருப்ப ஓய்வு பெற்று ரோஜாக்களுக்காகவே மலையேறினார். இந்தியாவின் இரண்டு காட்டு ரோஜாக்களை, மலைக்காட்டு ரோசா ஜைஜான்டியாவையும் வங்காள, பீகார் ஆற்றோரங்களில் வெள்ளத்திலும் வெயிலிலும் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவையும், தோட்ட ரோஜாக்களோடு சேர்த்து வெப்பநாடுகளுக்கான புது ரகங்களை இருவரும் உருவாக்கினார்கள். 'கோல்டன் திரெஷோல்ட்' அவற்றில் ஒரு மஞ்சள் கொடி. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் அவர்கள் ரோஜா ஒன்று உண்டு. இந்த ரகங்கள் நம் ஊர் நர்சரிகளுக்கு இன்னும் எளிதாக வருவதில்லை. கேட்பவர்கள் பெருகினால்தான் வரும்.

எருமப்பட்டிச் சந்தையில் இன்றைக்கே கிடைக்கிற ஒரு ரோஜாவைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முக்கியத்துவத்தில் அது கடைசி அல்ல. பன்னீர் ரோஜா என்று பலரும் அழைக்கும் எட்வர்ட் ரோஜா. மாலைக்கும் பூஜைக்கும் உதிரியாக விற்கும் இளஞ்சிவப்புப் பூ. இதன் பிறப்பிடமே வேலிதான். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில், அன்று பூர்போன் தீவு என்று பெயர், நிலங்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் நட்டிருந்தார்கள். 1810-களில் அந்த வேலியில் இரண்டும் தாமாகக் கலந்து முளைத்த நாற்றிலிருந்துதான் பூர்போன் ரோஜா என்ற இனமே தோன்றியது. எட்வர்ட் ரோஜா அந்த வழியில் வந்தது. இது முழுக் கொடி அல்ல, ஐந்தாறடி உயரும் புதர். ஆனால் நீளமாக வளரும் இளங்கிளைகளை வளைத்து, தாழ்ந்த கம்பியில் படுக்கவைத்துக் கட்டினால் நான்கடி வேலியை நன்றாக மூடும். நாட்டுச் செடி போல உழைக்கும். ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளர்வதால், காய்ந்தாலும் அடியிலிருந்து அதே ரோஜா துளிர்க்கும். பணம் குறைவாக, பழக்கமும் குறைவாக இருக்கிறவர்கள் இதில் தொடங்கலாம்.

வாங்கும்போது

பெயர் எழுதாமல் 'சிவப்புக் கொடி', 'வெள்ளைக் கொடி' என்று விற்கும் இடங்களே அதிகம். 'கொடிரோஸ்' என்று மட்டும் கேட்டால் ரோஜாவே அல்லாத ஆன்டிகோனான் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். படரும் ரோஜா என்று தெளிவாகக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் செடியைப் பார்த்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். பூவோடு இருக்கும் செடியைக் காட்டச் சொல்லுங்கள். உதிர்ந்த பூவுக்குக் கீழேயே புதுமொட்டு வந்திருந்தால் அது திரும்பத் திரும்பப் பூக்கும் ரகம். இலை தடித்துப் பளபளப்பாக இருந்தால் வெயில் தாங்கும். நீண்ட கிளை ஒன்றை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒடியப் பார்க்கும் விறைப்பான கிளை வேலிக்கு உதவாது.

ஒட்டுக்கட்டிய இடம் ஆறிய தழும்பாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வருவது காட்டுத்துளிர். ஐந்து இலை நல்லது, ஏழு இலை காட்டுத்துளிர் என்று ஊரில் ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். படரும் ரோஜாக்கள் பலவற்றுக்கு இயல்பிலேயே ஏழு இலை உண்டு. துளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் கத்தரியால் வெட்டாமல், புறப்படும் இடத்தோடு பிய்த்து எடுங்கள்.

வேலியும் குழியும்

கிழக்குப் பார்த்த வேலி நமக்கு வரம். காலை வெயில் முழுக்கக் கிடைத்து, மூன்று மணிக்கு மேல் நிழல் விழும். மேற்குப் பார்த்த வேலியில் பங்குனி முதலே இதழ் கருகும். அங்கே வைத்தே ஆக வேண்டுமென்றால் வேலிக்கு அப்பால் முருங்கையோ வேறு ஒளி சலிக்கும் மரமோ இருக்கட்டும். தகர வேலியில் ரோஜா ஏற்றவே வேண்டாம். கிளுவை வேலியும் சரிவராது. கிளுவையின் வேர் ரோஜாவுக்குத் தண்ணீர் மிச்சம் வைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வேலியிலிருந்து நான்கைந்தடி உள்ளே தள்ளித் தனிக்கால் நடுங்கள்.

கல்காலுக்குக் கல்கால் கிடைமட்டமாக, கம்பிக்குக் கம்பி ஒன்றரை அடி இடைவெளியில் மூன்று அல்லது நான்கு கம்பி போதும். ரோஜாவுக்குத் தானாக ஏறத் தெரியாது. பற்றுக்கம்பி கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும். நேராக மேலே விட்டால் நுனியில் மட்டும் நாலு பூ வரும். கிளையைச் சாய்த்துக் கிடைமட்டமாகப் படுக்கவைத்தால் நுனிமொட்டின் அதிகாரம் தளர்ந்து, கிளை நெடுகிலும் ஒவ்வொரு கணுவும் எழுந்து பூக்கும். வேலி ரோஜாவின் பாதி வித்தை இதுதான். வாழைநாராலோ பழைய வேட்டிக் கிழிசலாலோ எட்டு வடிவில் தளர்த்திக் கட்டுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் வெயிலில் சுட்டு, பட்டையை அறுக்கும். கிளைகளைக் கம்பிக்குள் நுழைத்துப் பின்னாமல் ஒரே பக்கமாக, உட்புறமாகக் கட்டினால் பின்னால் அவிழ்ப்பது எளிது. வெளியே நீட்டும் தளிரை வெள்ளாடு விடாது.

செடிக்குச் செடி எட்டிலிருந்து பத்தடி. குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். தோண்டும்போது சுக்கான் கல் படலம் தட்டுப்பட்டால் உடைத்து வெளியே போடுங்கள். அதன் மேல் நட்டால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாததால் வருவது அது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, மாலையில் இலைமேல் தெளித்தால் தெளியும். மண்ணில் கொட்டிப் பயனில்லை.

மக்கிய தொழுவுரம் குழிக்குப் பத்து கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ. ஒட்டுத்தழும்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். ஆவணி, புரட்டாசி நடவு நல்லது. கன மழைக்குப் பயந்தால் கார்த்திகைக் கடைசி.

நாமக்கல் பக்கம் கோழி எரு கேட்ட இடத்தில் கிடைக்கும் என்பதால் ஒரு எச்சரிக்கை. பண்ணையிலிருந்து நேராக வந்த கோழி எரு சூடு. அதை ரோஜா வேரில் போட்டால் இலையோரம் கருகி, செடி போய்விடும். நார்க்கழிவோடோ சோளத்தட்டையோடோ கலந்து, ஈரப்படுத்தி, கிளறிவிட்டு மூன்று நான்கு மாதமாவது மக்கவிடுங்கள். வாடை போய், கையில் சூடு தெரியாமல் இருந்தால் சரி. அப்போதும் செடிக்கு அரைக் கிலோ, வருடத்துக்கு இரண்டு முறை, தண்டை விட்டு ஓர் அடி தள்ளி. ஊறவைத்துக் கரைத்த கடலைப் புண்ணாக்கு இன்னும் மென்மையான உணவு; மொட்டு விடும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் படலம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவது உப்பை மேலேயே தங்கவைக்கும். அதற்குப் பதில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழ நனையப் பாய்ச்சுங்கள். கூரைமீது விழும் மழைநீரைப் பிடிக்க வழியிருந்தால் ரோஜாவுக்கு அது முதல் உரிமை. செடியடியில் கடலைத்தோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டால் வேர் குளிரும். கரையான் வரும் ஊர் இது. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது.

ஜோடி சேர்ப்பதும் வருட வேலையும்

முதல் வருடம் ரோஜா மட்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேர் பிடித்து, ஆளுயரக் கிளை நாலாவது வந்த பிறகுதான் சங்குப்பூ விதையோ காந்தள் கிழங்கோ மண்ணைத் தொட வேண்டும். ரோஜா அடியிலிருந்து இரண்டடி தள்ளி ஊன்றி, ஒரு குச்சி வைத்துக் கொடியை ரோஜாப் பக்கம் சாய்த்துவிடுங்கள். ஒரு ரோஜாவுக்குச் சங்குப்பூ ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

முதல் இரண்டு வருடம் ரோஜாவின் நீண்ட கிளைகளைக் குறைக்கவும் கூடாது. ஐஸ்பெர்க் போலப் புதர் ரகத்திலிருந்து பிறந்த கொடி வடிவங்களை இளமையில் ஒட்ட வெட்டினால் சில சமயம் புதராகவே திரும்பிவிடும். காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை மட்டும் எடுங்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து மார்கழிதான் பெரிய வேலை மாதம். சங்குப்பூவைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, காந்தளின் காய்ந்த கொடியை உருவி எடுத்துவிட்டால் ரோஜா மட்டும் நிற்கும். எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து, மூத்துப்போன கட்டைக் கிளை ஒன்றிரண்டை அடியோடு அறுத்து, மற்றவற்றின் பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டுக் குறைத்து, புதிதாக வந்த நீள்கிளைகளைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனியிலிருந்து கருகி இறங்கும் நோய் தடைபடும். ஆறேழு வாரத்தில், தை முடிவிலும் மாசியிலும், வேலி நிறைய ரோஜா. அந்த மாதங்களில் அதற்குத் துணையே வேண்டாம்.

பங்குனி பிற்பாதி முதல் ரோஜா களைக்கும், பூ சிறுக்கும். அப்போது உரம் வேண்டாம். தண்ணீரும் மூடாக்கும் போதும். இலையடியில் செம்மண் தூவியது போலத் தெரிந்தால் செஞ்சிலந்தி; விடியற்காலையில் இலையின் கீழ்ப்புறம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். இந்த வெயிலில் வேலியைப் பச்சையாக வைத்திருப்பது துளிர்த்து வரும் சங்குப்பூ. ஆடியில் ரோஜாவின் காய்ந்த நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு, மக்கிய எரு கொடுங்கள். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை இரண்டும் சேர்ந்து பூக்கும் காலம். நீங்கள் ஜோடி சேர்த்ததே இந்த நான்கு மாதத்துக்காகத்தான். மழை விடாமல் பெய்தால் இலையில் கரும்புள்ளி வரும். அந்த இலைகளைக் கொட்டவிடாமல் பொறுக்கி எரியுங்கள். சங்குப்பூ அடர்ந்து ரோஜாவை மூடினால் தயங்காமல் பாதியை அறுத்துவிடுங்கள், பத்து நாளில் மறுபடி வரும். ரோஜாவின் இலைக்கு வெயிலும் காற்றும் போய்ச் சேர்வதே முதன்மை.

நீளமான வேலி முழுவதையும் ஒரே வருடத்தில் நிரப்ப வேண்டாம். வாசலுக்குப் பக்கத்துப் பத்தடியில் ஒரு கிரெபுஸ்கியூலோ ஐஸ்பெர்க் கொடியோ வையுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் ஓர் எட்வர்ட் ரோஜா. அடுத்த ஆடியில் அதற்கு ஒரு நீலச் சங்குப்பூ. ரகத்தின் பெயரையும் நட்ட மாதத்தையும் தகட்டில் எழுதிக் கல்காலில் கட்டிவிடுங்கள். செடி நன்றாக வந்தால் பக்கத்து வீட்டார் பெயர் கேட்பார்கள். பெயர் தெரிந்து நர்சரியில் கேட்கிறவர்கள் கூடினால்தான் நல்ல ரகங்கள் இந்தப் பக்கம் வந்து சேரும்.